தந்தை மகனுக்கு ஏன் நன்றி சொல்ல வேண்டும்? 'நன்றி' என்னும் சொல்லின் பொருளும் பிறப்பும்

வெண்பலகை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற வாரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, 'தந்தை மகற்காற்றும் நன்றி அவையத்து முந்தி யிருப்பச் செயல்' என்னும் குறளுக்கு (67) ஒரு மாணவி எழுதியிருந்த பொருளைப் படித்துவிட்டுச் சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 'கற்றவர்கள் கூடிய அவையில் மகன் முதல் வரிசையில் அமர்ந்ததற்காகத் தந்தை அவனுக்கு நன்றி கூறுகிறார்' என்று அவள் எழுதியிருந்தாள். பொருள் தவறு என்பது எனக்குத் தெரியும். ஆனால், இன்றைக்கு 'நன்றி' என்ற சொல்லை நாம் வழங்கும் முறையை மட்டும் வைத்துப் பார்த்தால், அவள் வேறு எப்படித்தான் பொருள் கொண்டிருக்க முடியும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

அதனால் மூன்று ஐயங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, பழந்தமிழில் 'நன்மை' என்ற பொருளில் நின்ற சொல், உதவி பெற்றவர் சொல்லும் உபசாரச் சொல்லாக எப்படி மாறியது? இரண்டாவது, அச்சொல்லின் பகுதி என்ன? உடன் பணியாற்றும் ஒருவர், 'மகிழ்ச்சி' என்று பொருள்படும் 'நந்த்' என்னும் வடமொழி வேரிலிருந்து வந்தது என்றும், மலையாளத்தில் 'நந்தி' என்று வழங்குவதே அதற்குச் சான்று என்றும் உறுதியாகச் சொல்கிறார். மூன்றாவது, ஓர் உதவியின் மதிப்பை உணர்வது, அதற்கு விலை வைப்பது என்ற கருத்து இச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது நாம் பின்னால் ஏற்றிச் சொல்கிறோமா?

மதிப்பெண் பட்டியலைத் திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும். அந்த விடைக்கு இன்னும் மதிப்பெண் போடவில்லை.

ஏட்டுப்பிரதி எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் மாணவியின் பிழை நல்ல பிழை; சொல்லின் வரலாறு முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. முதல் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

குறளிலேயே இன்னும் மூன்று பாட்டுத் தள்ளிப் பாருங்கள். 'மகன்தந்தைக்கு ஆற்றும் உதவி இவன்தந்தை என்நோற்றான் கொல்எனும் சொல்' என்று எழுபதாம் குறள் வருகிறது. தந்தை செய்வது 'நன்றி'; மகன் திருப்பிச் செய்வது 'உதவி', அதைப் பரிமேலழகர் 'கைம்மாறு' என்று விளக்குகிறார். இன்றைய வழக்கின்படி எழுதுவதானால் இந்த இரண்டு சொற்களையும் இடம் மாற்றிப் போட்டிருப்போம்: தந்தை உதவி செய்தார், மகன் நன்றி செலுத்தினான் என்று. ஆக, பழைய தமிழில் 'நன்றி' என்பது கொடுப்பவர் கையில் இருந்த பொருள். பெறுபவருக்கு அதன்மீது இருந்த வினைகள் வேறு. அவர் அதை அறியலாம், உள்ளலாம், மறக்கலாம், கொல்லலாம். 'சொல்லுதல்' என்ற வினை குறளில் எங்குமே அதனோடு சேர்ந்து வருவதில்லை.

'நன்றி' என்ற சொல்லைத் திருக்குறளில் தேடிக்கொண்டே போனால் பல இடங்களில் உதவிக்கே தொடர்பில்லாமல் நிற்கும். 'நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம்' (138) என்பதில் அது நன்மை அல்லது அறம். 'நயவற்க நன்றி பயவா வினை' (439) என்பதில் அது பயன். 'நடுவாக நன்றிக்கண் தங்கியான் தாழ்வு' (117) என்பதிலும் அறமே. இந்த இடங்களில் 'நன்றியுணர்வு' என்று பொருள் கொண்டால் குறள் கேலிக்கூத்தாகிவிடும். 'செய்ந்நன்றி அறிதல்' என்ற அதிகாரத் தலைப்பு ஏன் அவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதும் இதனால் விளங்கும். வெறும் 'நன்றி' என்றால் பொதுவான நன்மை. அதில் ஒருவர் நமக்குச் செய்த பகுதியைப் பிரித்துக் காட்டச் 'செய்' என்ற அடை வேண்டியிருந்தது. அதை மனத்தில் வைத்திருப்பதைச் சொல்ல 'அறிதல்' என்ற தனி வினையும் வேண்டியிருந்தது. நாம் இன்று மூன்றெழுத்தில் முடித்துக்கொள்வதை வள்ளுவர் மூன்று சொல்லில் சொல்ல வேண்டியிருந்தது என்பதே உண்மை.

இதற்கு ஒரே பாட்டில் சான்று வேண்டுமானால் 110ஆம் குறளை வகுப்பில் எழுதிப் போடுங்கள். 'எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு.' முதலடியில் வரும் 'நன்றி'யும் இரண்டாமடியில் வரும் 'செய்ந்நன்றி'யும் ஒன்றாக இருந்தால் பாட்டே தன்னைத்தான் மறுத்துக்கொள்ளும். பரிமேலழகர் முதலாவதைப் 'பெரிய அறங்கள்' என்று கொண்டு, அவற்றைச் சிதைத்தலாவது ஆன்முலை அறுத்தலும், மகளிர் கருவினைச் சிதைத்தலும், பார்ப்பாரைத் தப்புதலும் போன்ற பாதகங்கள் என்று உரை வகுக்கிறார். அவர் இந்தப் பட்டியலைப் புறநானூற்றின் 34ஆம் பாட்டை நினைவில் கொண்டே எழுதினார் என்பது வெளிப்படை. அந்தப் பாட்டில் ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனைப் பார்த்து, இந்தக் கொடுமைகளுக்கெல்லாம் கழுவாய் உண்டு, ஆனால் 'நிலம்புடை பெயர்வ தாயினும் ஒருவன் செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்' என்று அறம் பாடிற்று என்கிறார்.

அங்கே 'நன்றி' என்ற சொல்லே இல்லை, 'செய்தி' இருக்கிறது. செய்யப்பட்டது செய்தி. இன்று அந்தச் சொல் நாளிதழுக்கும் தொலைக்காட்சிக்கும் போய்விட்டது, 'செய்தி கொன்றோர்' என்று மாணவர்களிடம் சொன்னால் பத்திரிகைத் தணிக்கை என்று நினைப்பார்கள். ஒரே பொருளைச் சொல்ல நின்ற இரண்டு சொற்களில் ஒன்று தகவலாகவும் மற்றொன்று உபசாரமாகவும் மாறியிருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

'கொல்லுதல்' என்ற வினை ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. வடமொழியிலும் இதே உருவகம்தான். 'கிருதஜ்ஞன்' என்றால் செய்ததை அறிந்தவன். 'கிருதக்னன்' என்றால் செய்ததைக் கொன்றவன். வால்மீகி இராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தில், கள்ளுண்டவனுக்கும் திருடனுக்கும் நோன்பு கெட்டவனுக்கும் கழுவாய் உண்டு, கிருதக்னனுக்கு மட்டும் இல்லை என்று இலக்குவன் சுக்கிரீவனிடம் கூறுவதும் புறநானூற்றின் அச்சிலேயே வார்த்ததுபோல் இருக்கும். யாரிடமிருந்து யார் பெற்றார் என்ற வழக்குக்குள் நான் போக விரும்பவில்லை. கம்பரும் அதே இடத்தில் 'நன்றி கொன்று அருநட்பினை நார் அறுத்து' என்றுதான் இராமனைப் பேச வைக்கிறார்.

ஒலியன் எழுதியது:

பகுதியைப் பற்றிய இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 'நந்த்' என்ற வேர் இதற்குப் பொருந்தாது. அந்த வேரிலிருந்து தமிழுக்கு வந்த ஆனந்தம், நந்தவனம், நந்தன் முதலிய எல்லாச் சொற்களிலும் 'ந்த' அப்படியே நிற்கிறது. எந்த ஒன்றிலும் 'ன்ற' ஆகவில்லை. மாறாக, லகர மெய்யை அடுத்துத் தகரம் வந்தால் இரண்டும் சேர்ந்து 'ன்ற' ஆவது தமிழின் அன்றாடப் புணர்ச்சி. செல் என்பதிலிருந்து சென்றான், நில் என்பதிலிருந்து நின்றான், கொல் என்பதிலிருந்து கொன்றான். நல் + து என்பது நன்று ஆனதுபோல, நல் + தி என்பது நன்றி ஆயிற்று. வெல் என்பதிலிருந்து 'வென்றி' என்ற பழஞ்சொல் பிறந்ததும் இதே வழியில்தான். 'நன்றி கொன்ற' என்ற தொடரில் இரண்டு சொற்களும் ஒரே மூட்டுவாயில் ஒரே வகையாக வளைந்திருப்பதைக் கவனியுங்கள்.

'தி' என்ற விகுதி புதியதன்று. ஏட்டுப்பிரதி ஐயா எடுத்துக்காட்டிய புறப்பாட்டிலேயே செய்தி, உய்தி என்று இரண்டு வந்துவிட்டன. தகுதி, மறதி, கெடுதி, உறுதி எல்லாம் அதே குடும்பம். இவை பெரும்பாலும் வினையடியோடு சேர்வன, 'நல்' என்பதோ பண்படி என்ற தடை ஒன்று உண்டு. 'நன்று' என்பதன்மேல் இகரம் ஏறி 'நன்றி' ஆயிற்று என்று பிரித்தாலும் பிழையில்லை. எப்படிப் பிரித்தாலும் 'நல்' என்ற அடியில்தான் போய் நிற்கும்.

மலையாளச் சான்று உங்கள் நண்பருக்கே எதிராகத் திரும்பும். தமிழில் 'ன்ற' உள்ள இடத்தில் மலையாளத்தில் 'ன்ன' வரும்: பன்றி அங்கே பன்னி, கன்று கன்னு, ஒன்று ஒன்னு. அந்த முறைப்படி நன்றி அங்கே 'நன்னி' என்றுதான் இருக்க வேண்டும். 'நந்தி' என்ற இன்றைய வடிவம், ஒத்த ஒலியுடைய வடசொல்லின் சாயல் பிற்காலத்தில் படிந்ததால் வந்தது என்று கொள்வதே பொருத்தம். பழங்கன்னடத்தில் 'நன்னி' என்ற வடிவம் உண்டு; அங்கே அதற்கு மெய், அன்பு என்று பொருள். கங்க மன்னர்களிடையே 'நன்னிய கங்கன்' என்ற பட்டப் பெயர் வழங்கியது. அவன் நன்றி சொல்லிக்கொண்டே இருந்த மன்னன் அல்லன், வாய்மை உடைய மன்னன். ஒரே அடியிலிருந்து மூன்று மொழிகள் மூன்று திசையில் போயிருக்கின்றன.

இதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது வேறொன்று. பேச்சுத் தமிழிலும் 'ன்ற' நிலைப்பதில்லை. ஒன்று ஒண்ணு ஆகிறது, மூன்று மூணு ஆகிறது, பன்றி பன்னி ஆகிறது, நின்றான் நின்னான் ஆகிறான், இன்றைக்கு என்பது இன்னைக்கு ஆகிறது. 'நன்றாக' என்பது கூடச் சிலர் பேச்சில் 'நன்னா' ஆகிவிடுகிறது. ஆனால் 'நன்றி' மட்டும், எழுத்துக்கூட்டிப் படித்ததுபோல, முழு றகரத்தோடு நாவில் வருகிறது. அப்படி உருக்குலையாமல் நிற்கும் மற்றச் சொற்களைப் பாருங்கள்: மன்றம், தென்றல், குன்றம். எல்லாம் ஏட்டிலிருந்தும் மேடையிலிருந்தும் பேச்சுக்கு வந்தவை. நன்றி கூறும் சொல்லாக 'நன்றி' வாய்வழக்கில் தொன்றுதொட்டு இருந்திருந்தால் நூற்றாண்டுத் தேய்மானம் அதன்மேல் பட்டிருக்கும். அது படவில்லை என்பதே, அந்தப் பயன்பாடு எழுத்திலிருந்து இறங்கி வந்தது என்பதற்குச் சாட்சி.

தராசு முள் எழுதியது:

மூன்றாவது கேள்வி என் பெயருக்கே பொருத்தமாக இருப்பதால் விட மனம் வரவில்லை.

மதிப்பிடுதல் என்ற கருத்தை நாம் பின்னால் ஏற்றிச் சொல்லவில்லை; 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தில் அது வெளிப்படையாகவே இருக்கிறது. பத்துக் குறளையும் ஒரு வணிகனின் காதோடு கேட்டுப் பாருங்கள். 'பயன்தூக்கார் செய்த உதவி நயன்தூக்கின் நன்மை கடலிற் பெரிது' (103) என்பதில் இரண்டு முறை வரும் 'தூக்குதல்' நிறுத்துப் பார்க்கும் செயல். செய்தவர் தராசையே எடுக்கவில்லை, எனக்கு இதனால் என்ன வரும் என்று நிறுக்கவில்லை. பெற்றவர் அதை நிறுக்கப் போனால் தட்டு கடலைவிடப் பெரிதாக இறங்குகிறது. அடுத்த குறளில் முகத்தல் அளவும் நிறுத்தல் அளவும் போய், கண்ணளவு வருகிறது. 'தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர் பயன்தெரி வார்.' தினை உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும் தானியம். பனையோ அண்ணாந்து பார்க்க வேண்டிய மரம். செய்தவர் கொடுத்தது தினை. பெற்றவர் கணக்கில் வரவு வைத்தது பனை. எந்த வணிகமும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாது. ஆனால் அப்படி வரவு வைப்பவரைத்தான் வள்ளுவர் 'பயன் தெரிந்தவர்' என்கிறார், கணக்குத் தெரியாதவர் என்று சொல்லவில்லை.

105ஆம் குறள்தான் இந்த அதிகாரத்தின் மையம் என்பது என் கருத்து. 'உதவி வரைத்தன்று உதவி உதவி செயப்பட்டார் சால்பின் வரைத்து.' திருப்பிச் செய்யும் உதவிக்கு அளவுகோல் முன்பு பெற்ற உதவி அன்று. பெற்றவரின் பெருந்தன்மையே அளவுகோல். அதாவது, பண்டத்தின் மதிப்பு பண்டத்தில் இல்லை, வாங்கியவரிடத்தில் இருக்கிறது. 'அறிதல்' என்ற சொல்லை நான் வெறும் நினைவாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம். பொற்கொல்லர் உரைகல்லில் உரைத்து மாற்று அறிவதுபோன்ற அறிதல் அது.

'நன்று' என்ற சொல்லுக்கே பழந்தமிழில் அளவுப் பொருள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொல்காப்பிய உரியியலில் 'நன்று பெரிதாகும்' என்றொரு நூற்பா இருக்கிறது. நல்லதும் பெரியதும் ஒரே சொல்லில் குடியிருந்த காலம் அது. இதனாலேயே 'நன்றி' என்பதற்குப் 'பெருமதிப்பு' என்று பொருள் சொல்லிவிட முடியாது என்றாலும், 'நன்றி சிறிதெனினும் ஞாலத்தின் மாணப் பெரிது' என்று படிக்கும்போது அந்தப் பழைய நூற்பா என் காதில் ஒலிக்கத்தான் செய்கிறது.

மற்ற மொழிகளில் இந்த உறவு விலையாகவே வெளிப்பட்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரரின் 'மெர்சி' கூலி, விலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் 'அப்ரிஷியேட்' விலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அதனால்தான் சொத்தின் மதிப்பு உயர்வதற்கும் ஒருவர் செயலைப் போற்றுவதற்கும் அவர்கள் ஒரே சொல்லை வழங்குகிறார்கள். 'தேங்க்' என்பது மட்டும் நினைத்தலைக் குறிக்கும் 'திங்க்' என்பதோடு பிறந்த சொல். தமிழில் அந்தப் போற்றுதலுக்குப் 'பாராட்டு' என்று எழுதுகிறோம், ஆனால் அது விலையோடு தொடர்புடையதன்று. பகை பாராட்டலாம், உரிமை பாராட்டலாம், நன்றியும் பாராட்டலாம். எதையும் பெரிதாக எடுத்து நடத்தினால் பாராட்டுதல்தான். 'நயனொடு நன்றி புரிந்த பயனுடையார் பண்புபா ராட்டும் உலகு' என்று 994ஆம் குறளில் நன்றியும் பாராட்டும் ஒரே பாட்டில் சந்திக்கின்றன. அங்கேயும் நன்றி புரிந்தவர் கொடுத்தவரே, பாராட்டுவது உலகம்.

விலைக்கு மிக அருகில் வரும் நம் சொல் 'அருமை'. கிடைத்தற்கு அரியது, செய்தற்கு அரியது என்பதிலிருந்து மதிப்பு என்ற பொருள் அதற்கு வந்தது. 'அவர் அருமை இவனுக்குத் தெரியவில்லை' என்று சொல்கிறோமே, அதுதான் செய்ந்நன்றி அறியாமைக்குப் பேச்சு வழக்கு. இன்னொன்று 'கைம்மாறு'. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுவது. இதே சொல்லின் பங்காளியான 'கைமாற்று' வட்டியும் பத்திரமும் இல்லாமல் நாலு நாளைக்கு வாங்கும் கடனுக்குப் பெயராகிவிட்டது. 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்று மழையைப் பற்றிச் சொன்ன மொழியில், 'ஒரு ஐந்நூறு ரூபாய் கைமாற்றாகக் கிடைக்குமா' என்று கேட்கவும் அதே சொல்லே கைகொடுக்கிறது.

வெண்பலகை எழுதியது:

மூவருக்கும் மிக்க... அந்தச் சொல்லை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. 67ஐயும் 70ஐயும் இத்தனை ஆண்டு அடுத்தடுத்து நடத்தியும், சொற்கள் இடம் மாறி நிற்பதை நான் கவனித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாக்கிக்கொள்ள விரும்புகிறேன். 'நன்றி மறவேல்' என்று ஆத்திசூடியில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்கள் அதை 'நன்றி சொல்ல மறக்காதே' என்றே புரிந்துகொள்கிறார்கள். சில பெற்றோரும் அப்படித்தான் விளக்குகிறார்கள். ஔவையார் சொன்னது 'பிறர் செய்த நன்மையை மறக்காதே' என்பதுதானே? அப்படியானால் உபகாரம் பெற்றவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய சொல்லாக 'நன்றி' எப்போது, எந்த வழியாக வந்தது? அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்?

அச்சுக்கோப்பாளர் எழுதியது:

அம்மா, நான் புலவன் அல்லன். ஈயத்தில் எழுத்துக் கோத்த காலத்திலிருந்து அச்சகத்தில் இருந்தவன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் தந்தையாரும் அதே தொழிலில் இருந்தார். தாம் கோத்த அழைப்பிதழ்களில் ஒவ்வொரு படியை நூலில் கோத்து வைத்திருந்தார். அவற்றில் பழையவற்றை எடுத்தால், கூட்ட நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி 'வந்தனோபசாரம்' என்றிருக்கும். தலைமை தாங்குபவர் 'அக்கிராசனாதிபதி'. சற்றுப் பிந்திய தாள்களில் அக்கிராசனாதிபதி தலைவர் ஆகிவிடுவார், வந்தனோபசாரம் 'நன்றி கூறல்' ஆகிவிடும். நான் தொழிலுக்கு வந்தபோது 'நன்றியுரை' நிலைபெற்றுவிட்டது. 'நன்றி நவிலல்' என்று போடச் சொல்லிக் கேட்பவர்களும் இருந்தார்கள், அவர்கள் பெரும்பாலும் தமிழாசிரியர்கள். 1916ஆம் ஆண்டு மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கமும், அதன்பின் வந்த மேடைத் தமிழும் செய்த மாற்றம் இது. நமஸ்காரம் இருந்த இடத்தில் வணக்கம் வந்ததும் அந்த வழியில்தான். ஒலியன் ஐயா றகரத்தை வைத்துச் சொன்னதை நான் அழைப்பிதழை வைத்துச் சொல்கிறேன், அவ்வளவே.

அதற்கு முன்னால் மக்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டீர்கள். படித்தவர்கள் 'உபகாரம்', 'வந்தனம்' என்றார்கள். கிறித்தவர்கள் கடவுளுக்கு 'ஸ்தோத்திரம்' என்றார்கள். மற்றவர்கள் நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை, வாழ்த்தினார்கள். 'நீங்க நல்லா இருக்கணும்', 'உங்களுக்குக் கோடிப் புண்ணியம்', 'உசிருள்ள மட்டும் மறக்க மாட்டேன்'. என் தாயாருக்கு யாராவது தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்தால் கூட 'நல்லாயிருப்பே' என்பார். வாழ்நாளில் ஒரு முறையும் அவர் 'நன்றி' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஒலியன் எழுதியது:

ஐயா, புலவன் அல்லன் என்று சொல்லிவிட்டு நாங்கள் தவறவிட்டதைப் பிடித்துவிட்டீர்கள். 'நல்லாயிருப்பே' என்பதில் இருப்பதும் அதே 'நல்' என்ற அடிதான். ஒருவர் நன்றி செய்கிறார். பெற்றவர் அவருக்கு நல்லதையே திருப்பிச் சொல்கிறார். வெண்பலகை அம்மாவின் இடைக்கேள்விக்கு விடையும் இதில் இருக்கிறது. 'நன்றி மறவேல்' என்பதில் மறக்கக் கூடாதது நன்மையைத்தான். 'நன்றி ஒருவற்குச் செய்தக்கால் அந்நன்றி என்று தருங்கொல் எனவேண்டா' என்று மூதுரை தொடங்குவதைப் பாருங்கள், அங்கேயும் நன்றி செய்யப்படுவதுதான். தாளால் உண்ட நீரைத் தென்னை தலையாலே தருவதுபோல அது திரும்பி வரும் என்பது உவமை.

ஏட்டுப்பிரதி எழுதியது:

'நன்றியறிதல்' என்ற கூட்டுச்சொல்தான் நடுவில் பாலமாக இருந்தது என்பதை மட்டும் சேர்த்துவிடுகிறேன். உரைநடையில் அச்சொல் தொடர்ந்து வழங்கியதால், 'அறிதல்' தேய்ந்து, அதன் பொருள் முழுவதையும் 'நன்றி' சுமக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் 'என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுத முடிந்தது. பழைய பொருளில் இந்தத் தொடரைப் படித்தால் 'நான் உங்களுக்குச் செய்த நன்மையைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்றாகும். உதவி செய்தவரிடம் போய் அப்படிச் சொன்னால் என்ன நினைப்பார் என்பதைத் தங்கள் கற்பனைக்கு விடுகிறேன். ஆனால் பழைய பொருள் இன்னும் முழுதாகச் சாகவில்லை. 'நன்றி கெட்டவன்', 'நன்றி மறந்தவன்' என்று திட்டும்போது நாம் வள்ளுவர் காலத்துப் பொருளில்தான் திட்டுகிறோம்.

மதிப்பெண் விஷயத்தில், என்னைக் கேட்டால் அந்த மாணவிக்குப் பாதியாவது போடலாம். 'அவையத்து முந்தி இருப்ப' என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

தராசு முள் எழுதியது:

பாதி அதிகம். 'செயல்' என்ற கடைசிச் சொல்லை அவள் விட்டுவிட்டாள். முந்தி இருக்கும்படி செய்தவர் தந்தை என்பது அதில்தான் இருக்கிறது. கால் மதிப்பெண் போடுங்கள்.

வெண்பலகை எழுதியது:

இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஒன்று போட்டுவிட்டேன். ஓரத்தில் '70ஆம் குறளையும் படித்துவிட்டு என்னிடம் வந்து பேசு' என்று எழுதியிருக்கிறேன்.